பிறப்பு காலாவதியான பிள்ளைக்காக ஒரு நன்றிக் கடிதம்

தாதியப் பயிற்சிக்குப் பிள்ளைகளைச் சேர்த்தருளும் மாட்சிமை பொருந்திய கந்தோர் அவர்கட்கு,

என் பெறாமகளின் பிறப்பு காலாவதியாகிவிட்டதென்று போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் தங்கள் நாலாம் இலக்க யன்னலில் அறிவித்தீர்கள். காலை எட்டரைக்கு வரச் சொன்னீர்கள். தேநீருக்கு ஒருதரம், சாப்பாட்டுக்கு ஒருதரம், காரணம் சொல்லாமல் ஒருதரம் யன்னலைச் சாத்தினீர்கள். மூன்றே முக்காலுக்குத்தான் தீர்ப்பு வந்தது: பிறப்புச் சான்றிதழ் ஆறு மாதத்துக்கு முந்தி எடுத்தது, செல்லாது, புதிசு கொண்டு வரவும். பிள்ளை கையில் பைலோடு தங்கள் கண்முன்னால்தான் நின்றாள். அவள் பிறந்ததற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி எங்கள் குடும்பத்தில் இல்லை.

பிறப்புச் சான்றிதழுக்குக் காலாவதித் திகதி கிடையாதென்று அரசாங்கமே முன்பு அறிவித்திருக்கிறது. அறிவித்தது வேறு கந்தோர். தங்களுக்கும் அதற்கும் கதைபேச்சு இல்லைப்போலும். குடும்பத்துக்குள் அப்படி நடப்பதுதான்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். நான் பெரியாஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாதி. வீட்டுக்கு வந்து காலை நீட்டி இருந்து யோசித்தபோதுதான் தங்கள் பெருந்தன்மை விளங்கியது. பயிற்சி மூன்று வருஷம் என்று வர்த்தமானியில் போடுவது தங்கள் தன்னடக்கம். பிள்ளை ஏ.எல். எழுதி முடித்த அன்றைக்கே தாங்கள் பயிற்சியைத் தொடங்கிவிட்டீர்கள். ஆகவே இது நன்றிக் கடிதம். முன்பயிற்சியில் அவள் படித்த பாடங்களை ஒழுங்காக எழுதுகிறேன். புதிதாகச் சேரப்போகிற பிள்ளைகளுக்கும் உதவும்.

முதலாம் பாடம், பொறுமை. பெறுபேறு வந்தது, இசட் புள்ளி வந்தது, வர்த்தமானி வரவில்லை. கூடப் படித்தவள் ஒருத்தி பல்கலைக்கழகம் போய்ப் பட்டத்தை முடித்துக்கொண்டு வந்து, "நீ இன்னும் போகேல்லையே?" என்று கேட்டாள். இன்னொருத்தி கலியாணம் கட்டிக் கனடா போய், அங்கே குளிர் என்று படம் அனுப்பினாள். இவள் ஒரு மருந்துக்கடையில் நின்று, வைத்தியர்களின் கையெழுத்தை வாசிக்கப் பழகினாள். இரவுப் பணியில் விடியும்வரை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டி வரும். அதற்கான பழக்கத்தை வருஷக்கணக்கில் தந்தீர்கள். இதுவும் பயிற்சிதானே!

இரண்டாம் பாடம், பாஷை தெரியாத நோயாளியின் மனநிலை. நேர்முகத்துக்கு வரச்சொன்ன கடிதம் தனிச் சிங்களத்தில் வந்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. 1988இல் 16ஆம் திருத்தம் வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழியே தமிழ் என்றது. தங்கள் தட்டச்சுப் பகுதிக்கு இந்தச் சேதி இன்னும் தபாலில் வந்துகொண்டிருக்கிறதாக்கும். சந்திப் பேக்கரியில் வேலை செய்யும் குருநாகல் தம்பிதான் மாக் கையைத் துடைத்துவிட்டு வாசித்துச் சொன்னான். நல்ல பிள்ளை. "அக்கா, இதில கொண்டுவரச் சொன்ன சாமான் பதினாலு இருக்கு" என்று சொல்லி ஒவ்வொன்றாக விரல்மடித்தான். விளங்காத ஒரு கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு, அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு இனி வார்ட்டில் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

சாமுவேல் கிறீன் என்றொரு வைத்தியர் 1847இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் படித்தார், மானிப்பாயில் எங்கள் பெடியளுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், இங்கிலிஷ் மருத்துவப் புத்தகங்களைத் தமிழில் ஆக்கினார். அந்தக் காலத்தில் அமெரிக்கா எங்களுக்குக் கிட்ட இருந்திருக்கிறது. தாங்கள் இருக்கும் இடம்தான் தூரமாகப் போய்விட்டது.

மூன்றாம் பாடம், நுணுக்கமான அவதானம். பிள்ளை பயிற்சியை முடித்து அரச சேவையில் நிற்பாள் என்று ஒப்பந்தம் எழுதவேண்டும், பிணைக்கு இரண்டு அரச உத்தியோகத்தர் கையெழுத்து வைக்கவேண்டும். பக்கத்து வீட்டு ரீச்சர் லீவு போட்டுக்கொண்டு வந்து கையெழுத்து வைத்தா. சமாதான நீதவான் ஐயா முத்திரை குத்தினார். தாங்கள் அதைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து, முத்திரையின் ஓரம் கையெழுத்தின் வாலைத் தொடுகிறது, செல்லாது என்றீர்கள். எக்ஸ்ரே பார்க்கிற வைத்தியர்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை. இதுவும் பயிற்சிதானே!

இங்கே ஒரு சின்னச் சந்தேகம். 2022 ஜூனில், காசில்லாத காலத்தில், அரச ஊழியர் சம்பளமில்லா லீவில் ஐந்து வருஷம் வரைக்கும் வெளிநாடு போகலாம், சேவைமூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் குறைவில்லை என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. போகிறவளுக்கு ஒரு சுற்றறிக்கை போதுமாக இருந்தது. வருகிறவளுக்கு ஏன் பதினாலு சாமான்? வார்ட்டில் ஆள் காணாது என்று பேப்பரில் அடிக்கடி அறிக்கை விடுகிறீர்களே, அந்த ஆள்தான் வெளியில் வெயிலில் நிற்கிறாள். கதிரை ஒன்று கிடந்தால் இருந்திருப்பாள்.

நாலாம் பாடத்துக்கு நான் பெயர் வைக்கவில்லை.

விண்ணப்பத்தில் தகப்பன் கையெழுத்து வைக்கும் இடம் வெறுமையாக இருந்தது. "அப்பாட கையெழுத்து எங்க?" என்று கேட்டீர்கள். அப்பா 2009இல் வன்னியில் காணாமற்போனவர் என்று பிள்ளை சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். தங்களுக்குக் கேட்கவில்லை, திருப்பிச் சொல்லச் சொன்னீர்கள். சொன்னாள். பின்னால் வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிறமாதிரிப் பதில் தந்தீர்கள்: "அப்ப இறப்புச் சான்றிதழைக் கொண்டாங்கோ. சாகேல்லையெண்டா ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

கடிதமெல்லாம் சிங்களத்தில் அனுப்பும் தாங்கள் இந்த ஒரு வசனத்தை மட்டும் நல்ல தமிழில் சொன்னீர்கள்.

காணாமற்போனவர் என்பதற்கே ஒரு சான்றிதழ் கொடுக்கலாம் என்று 2016இல் இந்த நாட்டில் சட்டம் வந்தது. பிள்ளையின் தாய், என் தங்கை, அதை எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பைலில் முன்னுக்கே வைத்திருந்தாள். தாங்கள் பக்கத்தைப் புரட்டவில்லை. ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதற்காகத்தான் என் தங்கை இவ்வளவு காலமும் ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறி இறங்கினாள். கூட்டிக்கொண்டு வர முடிந்திருந்தால் தங்கள் யன்னலுக்கு வந்திருக்கவே மாட்டாள். ஒரு இளம் பெட்டையை அத்தனை பேர் முன்னால் அப்படிக் கேட்க ஒரு மனிசருக்கு எப்படி வாய் வந்தது? கேட்டுவிட்டு எப்படி அடுத்த ஆளைக் கூப்பிட முடிந்தது?

சரி. இரத்த அழுத்தம் எனக்குக் கூடாது. மாட்சிமை பொருந்திய தங்களைப் புகழ்வதற்குத் திரும்ப வருகிறேன்.

தங்கள் முன்பயிற்சி முடிந்து உண்மையான கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் முதல் வருஷம் எதைப் படிப்பார்கள் என்றும் சொல்லவேண்டும். தாங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. கை கழுவப் படிப்பார்கள். கட்டில் விரிக்கவும், விரிப்பின் மூலையைச் சுருக்கமில்லாமல் மடித்துச் செருகவும் படிப்பார்கள், சிஸ்டர் வந்து இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி விரிக்கச் சொல்லுவா. இளங்காலையில் எழும்பவேண்டும். முதல்நாள் இரத்தத்தைக் கண்டு தலைசுற்றும், முதல் மரணத்தைக் கண்டு இரவு நித்திரை வராது. விடுதிச் சாப்பாட்டைப்பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அதற்கும் பழகுவார்கள்.

எழும்ப முடியாத நோயாளியை உடம்பு துடைத்துவிடவும் படிப்பார்கள். அந்தப் பாடத்தை இப்போதும் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரியும். முதலில் திரையை இழுத்து மறை. பெயரைச் சொல்லிக் கூப்பிடு. என்ன செய்யப்போகிறாய் என்று சொல். தண்ணீரின் சூட்டை உன் கையில் பார். ஒரு கையை மட்டும் திற, துடை, ஈரம் ஒற்று, மூடு. பிறகுதான் மற்றக் கை. ஒருபோதும் உடம்பு முழுவதையும் திறந்துபோட்டு வைக்காதே. 1990இல் கரண்ட் போய், பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பாக இருந்தபோதும் நாங்கள் ஜாம்போத்தல் விளக்கு வெளிச்சத்தில் இதை இப்படித்தான் செய்தோம். திரை இல்லாத இடத்தில் இரண்டு பேர் சேலையைப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றோம். நோயாளிக்கு நினைவில்லாவிட்டாலும் மறைத்தோம்.

தங்கள் யன்னலில் திரையும் இல்லை, பெயரும் இல்லை. அவள் வெறும் "முப்பத்தாறாம் இலக்கம்". என்ன செய்யப்போகிறீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லும் வழக்கமும் இல்லை. திறந்ததை மூடுவதும் இல்லை. இதுவும் பயிற்சிதான், ஐயாமாரே. அதுதான் என் பயம்.

ஆஸ்பத்திரியில் நேர்ஸ்மார் எரிந்து விழுகினம், மனிசரை மனிசராகப் பார்க்கினமில்லை என்று எங்கள் சனம் குறைசொல்லும். குறையில் உண்மை இருக்கிறது. நானே சில பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சத்தத்தை அவர்கள் கல்லூரியில் படிக்கவில்லை. கையில் இலக்கத்தோடு வரிசையில் நின்றபோது படித்தார்கள். அதிகாரம் என்றால் என்ன என்று அவர்களுக்கு முதலில் காட்டியவர் தாங்கள்தான். மூன்று வருஷம் சிஸ்டர்மார் திரையை இழுத்து மூடப் படிப்பித்தாலும், முதலில் படித்தது லேசில் மறக்காது.

ஆகவே விண்ணப்பம் இவ்வளவுதான். தேவையான பத்திரங்களின் பட்டியலைத் தமிழிலும் ஒரே தாளில் அடித்து, கடிதத்தோடு அனுப்புங்கள். பத்திரங்களை ஒரே நாளில் பாருங்கள், பிழை இருந்தால் காலையிலேயே சொல்லுங்கள். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாயின் கையெழுத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், அதைப்பற்றி ஏதும் கேட்கவேண்டியிருந்தால் உள்ளே கூப்பிட்டுக் கேளுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இதில் எதற்கும் திறைசேரியிடம் காசு கேட்கத் தேவையில்லை.

சேரப்போகிற பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: பைலில் எல்லாவற்றிலும் மூன்று பிரதி வைத்திருங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். யன்னலில் படித்ததை யன்னலிலேயே விட்டுவிட்டு வார்ட்டுக்குப் போங்கள். அங்கே படுத்திருப்பது உங்கள் ஊர்ச் சனம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி,
வடமராட்சி.