ரேடியேட்டர் ஒழுகலியல்: பேராக் மரபு குறித்த ஓர் ஆய்வு

ஒழுகலியலை எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் பாடமாக ஏற்கவில்லை. ஆனால் ஈப்போ தாமான்களில் ஞாயிறு காலை கைலியோடு பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் அறிஞர்களைக் கண்டவர்கள், துறை செழித்தே இருக்கிறது என்பார்கள்.

ஒழுகல் நோயின் முதற்கட்டம் மறுப்புக் காலம். காடிக்கு அடியில் ஈரம் தெரிந்ததும், "அது ஏர்கோன் தண்ணிதான்" என்று குடும்பத் தலைவர் தீர்ப்பளிப்பார். இதைச் சோதிக்கப் பழைய நாளிதழ் போதும். இரவில் அடியில் விரித்தால், காலையில் நிறமற்ற ஈரம் தலைவரை நிரபராதி ஆக்கும். பச்சையாகவோ சிவப்பாகவோ பிசுபிசுத்தால் அது கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்க்கும் ஆய்வாளர்களும் உண்டு, வேண்டாம். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் நஞ்சு.

இரண்டாம் கட்டத்தில் பக்கத்து வீட்டார் வருவார். "அண்ணே, கொஞ்சம் மஞ்சத்தூள் போட்டுப் பாருங்க." இங்கே ஆய்வுலகம் இரண்டாகப் பிளக்கிறது. மஞ்சள்தூள் மரபினர், தூள் நீரோடு ஓடிப்போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும் என்பர். முட்டை மரபினர், வெள்ளைக்கரு சூட்டில் உறைந்து துளையை மூடும் என்பர். இருவர் சொல்வதும் ஓரளவு உண்மை. ஆனால் தூளுக்கும் கருவுக்கும் எது ஓட்டை, எது நீரோடும் மெல்லிய குழாய் என்று பிரித்தறியும் கல்வி கிடையாது. இரண்டையும் அடைக்கும். காடி சூடேறும், பானெட்டுக்குள்ளிருந்து ரசம் மணக்கும்.

மூன்றாவதாக, ரப்பர் வரலாறு. 1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் மரமாக நிற்கிறது. அந்த இனத்து மரங்களைச் சீவித்தான் நம் பாட்டன்மார் விடியற்காலையில் மங்கு மங்காகப் பாலெடுத்தார்கள். ஆகவே ரேடியேட்டரின் ரப்பர் ஹோஸ் நம் சொத்து, ஒட்டுவது நம் பிறப்புரிமை என்று தோட்டத்துப் பேரன்மார் வாதிடுவதுண்டு. வாதம் நிற்காது. ரேடியேட்டர் ஹோஸ் இன்று பெரும்பாலும் ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர். இயற்கை ரப்பர் அந்தச் சூட்டில் நெடுநாள் தாக்குப்பிடிக்காது. பரம்பரை உரிமை தள்ளுபடி.

இனி விளையாட்டில்லாத பகுதி. ஹோஸ் நுனியில் மட்டும் வெடிப்பு, மிச்ச நீளம் போதும் என்றால், எஞ்சின் ஆறியபின் நுனியை வெட்டி, புதுக் கிளிப் போட்டு முறுக்கலாம். வீட்டு வேலை அவ்வளவுதான். பழைய பித்தளை ரேடியேட்டரைப் பட்டறையில் ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள். இன்றைய அலுமினியக் கூட்டுக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கும் நடுவே ஒழுகினால் பசை, மாவு, மந்திரம் எதுவும் நிற்காது. நூறு டிகிரியைத் தாண்டியும் நீர் கொதிக்காதபடி உள்ளே அழுத்தம் இருக்கிறது. பசை பிய்ந்துகொண்டு வரும். ஜெலப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கப்பாதைக்குப் போகும் நெடுஞ்சாலை ஏற்றத்தில் அது பிய்ந்தால், பின்னால் வரும் லாரிகள் முட்டை மரபை மதிக்கமாட்டா. போமனிடம் போய்ப் புது ரேடியேட்டர் மாற்றுங்கள்.

எந்த மரபினரானாலும் சரி, எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். முகம் வெந்துவிடும்.