ஒற்றையாள் போரில் கணக்கப்பிள்ளையின் பங்கு: ஓர் ஆய்வு

போர் விளையாட்டை ஆராய்ந்தோர் இதுவரை தளபதிகளையே கட்டிக்கொண்டு அழுதிருக்கின்றனர். மேசையில் வரைபடம் விரித்து, ஈய வீரர்களை நிறுத்தி, பகடை உருட்டி, இரு தரப்புக்கும் தானே ஆடி ஒரு போரை வருடக்கணக்கில் நடத்துபவர் வீட்டில் உண்மையில் போரிடுவது யார்? நோட்டு எழுதுகிறவரே என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட களம் 1751ஆம் ஆண்டு ஆற்காடு. பிரெஞ்சுக்காரர் ஆதரவு பெற்ற சந்தா சாகிப் திருச்சிராப்பள்ளியை வளைத்துக்கொண்டிருக்க, அவர் கவனத்தைத் திருப்புவதற்காக ராபர்ட் கிளைவ் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள், மூன்று சிறு பீரங்கிகளுடன் சென்னையிலிருந்து புறப்பட்டுப்போய் ஆற்காட்டைப் பிடித்தார். இக்களத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கிளைவ் 1744இல் சென்னையில் வந்திறங்கியது கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக. உடன் சென்ற எட்டு அதிகாரிகளில் நால்வர் கம்பெனியின் வாணிபப் பணியிலிருந்த இளைஞர்கள். இதற்குமேலும் சான்று கேட்பவரோடு வாதம் செய்து பயனில்லை.

நோட்டில் முதல் தலைவலி தேதி. 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. பிரெஞ்சுக்காரர் கிரிகோரியனுக்கு மாறி ஒன்றரை நூற்றாண்டு கடந்திருந்தது. வித்தியாசம் 11 நாள். சென்னையில் செப்டம்பர் 12 என்றால் புதுச்சேரியில் 23. அதே புதுச்சேரியில் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தமிழ் வருஷமும் மாதமும் போட்டு நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அவர் கணக்கில் அது பிரஜோற்பத்தி வருஷம். ஆக, தேதிக்கு மட்டுமே மூன்று பத்திகள் வேண்டும். ஒரே பத்தி போதும் என்று சிக்கனம் பிடிப்பவரின் போரில், புதுச்சேரியில் 23ஆம் தேதி எழுதிய கடிதம் சென்னைக்கு 15ஆம் தேதியே வந்து சேர்ந்துவிடும். தபால் ஓட்டக்காரரைக் குறை சொல்வதற்கில்லை.

தேதியாவது சரிசெய்யக்கூடியது. எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான் என்பது ஒற்றை ஆட்டக்காரருக்கு எப்போதும் தெரியும். அவனைப் பதுக்கியவரே அவர்தானே! நோட்டு ஞாபகத்துக்காக என்போர் விஷயம் புரியாதவர்கள். அது மறப்பதற்காக. பிரிட்டனில் லயனல் டார் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். வரைபடத்தின் கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தீப்பெட்டி. எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டிச் சின்ன இழுப்பறைகள் கொண்ட அலமாரி. படைக்கான சீட்டைப் போட்டு மூடிவிட வேண்டியது. டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் தம் 1962ஆம் ஆண்டு நூலில் இதை உலகறியச் செய்தார். சிவகாசியை வைத்துக்கொண்டு நாம் சும்மா இருந்தது தனி ஆய்வுக்குரியது.

தீப்பெட்டி சேராதவர்கள் உறை முறையைக் கையாளலாம். திருச்சியிலிருந்து போகும் செய்தியை எழுதி, ஒட்டி, பிரிக்கவேண்டிய தேதியை மேலே குறித்து வைத்துவிட்டு, அதுவரை சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபாக உட்காரும்போதெல்லாம் ஒன்றும் அறியாத முகத்துடன் இருக்க வேண்டும். எழுதியதும் தன் கையெழுத்து, ஒட்டியதும் தன் எச்சில். இம்முறையில் நேர்மையை அளக்கும் கருவி இன்னும் சந்தைக்கு வரவில்லை.

இனி அரிசி. ஆய்வுலகம் பிளவுபட்டிருப்பது இங்கேதான். கிளைவ் பிடித்த ஆற்காட்டுக் கோட்டையை ராசா சாகிப் வளைத்த முற்றுகை 50 நாள் நீடித்தது. ஆள் கணக்கில் தகராறில்லை: தொடக்கத்தில் கோட்டைக்குள் சண்டைக்குத் தகுதியானோர் ஐரோப்பியர் 120, சிப்பாய் 200, கடைசித் தாக்குதலன்று 80, 120. ஆனால் உணவு குறைந்தபோது சிப்பாய்கள் சோற்றை ஐரோப்பியருக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சியே தமக்குப் போதும் என்றார்களாம். மெக்காலே 1840இல் எழுதிய கட்டுரையால் ஊரெல்லாம் பரவிய கதை இது. சோறு ஐரோப்பியர் பத்தியில் செலவு. கஞ்சியை எங்கே எழுதுவது? வெந்த அரிசி ஒன்று, பசியாறியவர் இரு சாரார். ‘இதர வரவு’ என்பது ஒரு தரப்பு. சிப்பாய்களின் விசுவாசப் புள்ளியில் இரண்டு கூட்டவேண்டும் என்பது இன்னொரு தரப்பு. கதையே மெய்தானா என்று கேட்டு, குறிப்புப் பத்தியில் பென்சிலால் எழுதச் சொல்வது மூன்றாம் தரப்பு. மூவரும் உட்கார்ந்திருப்பது ஒரே நாற்காலி என்பதால் விவாதம் நள்ளிரவைத் தாண்டுகிறது. எக்செல்லுக்கு மாறியவர்களும் தப்பவில்லை. அவர்களுக்குக் கஞ்சிக் கட்டம் சிவப்பில் எரிகிறது, அவ்வளவுதான்.

வரலாற்றில் ராசா சாகிபின் யானைகள் நெற்றியில் இரும்புத் தகடு தாங்கிக் கோட்டைக் கதவை முட்ட வந்து, துப்பாக்கி வெடிக்கு மிரண்டு, சொந்தப் படையையே மிதித்துக்கொண்டு திரும்பி ஓடின. மேசையில் அவை அவ்வளவு தூரம்கூட வரவில்லை. யானைக்கென்று நோட்டில் பத்தி கிடையாது. ஓரத்தில் இருந்த இடத்தையும் கஞ்சி எடுத்துக்கொண்டது. அகலமான நோட்டு வாங்கும்வரை இறுதித் தாக்குதல் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.