ஆறு வீட்டுக்காரர்

சூரபத்மனை முடித்த கையோடு முருகன் நேராகத் திருத்தணிக்கு வந்துதான் கோபம் தணிந்தார் என்கிறது தலபுராணம். அதனால் கந்த சஷ்டிக்கு இங்கே சூரசம்ஹாரம் கிடையாது. பூவைக் கொட்டிக் குளிர்வித்துவிடுவார்கள். படைவீடுகளில் இது ஐந்தாவது. ஆறு வீடு, இரண்டு சம்சாரம், ஒரு பைசா வீட்டுக்கடன் இல்லை. இங்கே வள்ளியைக் கைப்பிடித்தார். தெய்வானையின் அப்பா இந்திரனோ சீதனமாக ஐராவதத்தையே ஓட்டிவிட்டிருந்தார். யானை போனதும் தேவலோகத்தில் வரும்படி படுத்துவிட்டது. 'அதன் முகத்தையாவது எங்கள் பக்கம் திருப்பி வையுங்கள் மாப்பிள்ளை' என்று கெஞ்சினாராம். கோயிலில் யானை இன்றைக்கும் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பா வீட்டைத்தான் பார்க்கிறது.

1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்த்து முருகனையும் அங்கே எழுதிவிட்டார்கள். ம.பொ.சி. வேங்கடம் வரைக்கும் கேட்டார். சிறைக்கும் போனார். எல்லைத் தகராறுக்கு நடுவராகப் படாஸ்கர் வந்து பஞ்சாயத்துப் பேசி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. திருப்பதி மாமன் பங்குக்குப் போனது. இருந்த இடத்தைவிட்டு அசையாமலே முருகனுக்கு மாநிலம் மாறிவிட்டது. பட்டா பெயர்மாற்றத்துக்கு ஆறரை வருஷம். தாலுகா ஆபீஸ் பார்த்தவர்கள் இதைத் துரித சேவை என்பார்கள்.

அடுத்து வந்தவர்கள் புரோக்கர்கள். கரும்பும் வேர்க்கடலையும் விளைந்த நிலத்தில் கல்லும் கலர்க்கொடியும் நட்டார்கள். எண்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஊர், 'சென்னைக்கு மிக அருகில்' வந்து சேர்ந்தது. 2016 செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. நவம்பரில் பழைய நோட்டு செல்லாமல் போனது. தமிழ்நாடு முழுக்க மனை வியாபாரம் ஜில்லிட்டது.

அரசாங்கம் இரங்கியது. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். கையோடு பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். வழிகாட்டி மதிப்பு 10 லட்சம் உள்ள மனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தோடு முன்பு 80,000 ரூபாய் ஆகும். சலுகைக்குப் பிறகு 73,700. ஏழையின் கனவுக்கு அரசு போட்ட பிச்சை 6,300. 2023-ல் மதிப்பைப் பழையபடி ஏற்றி, கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள்: 90,000. இரண்டு தடவை சலுகை கொடுத்ததில் பத்தாயிரம் கூடிவிட்டது. விற்கிறவர் கேட்கும் விலை தனி. அது எந்தக் காலத்திலும் வழிகாட்டி மதிப்பிடம் வழி கேட்டதில்லை.

மலிவு வீடு பற்றிய விவாதம் மட்டும் ஓயவில்லை. 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி வீடு கட்ட மூன்றரை லட்சம் தருகிறார்கள். நல்ல திட்டம்தான், ஆனால் கட்டுவதற்கு மனை உங்களுடையதாக இருக்க வேண்டும். மனைக்கு எங்கே போவது?

சிறுவாபுரிக்குத்தான். இதே திருவள்ளூர் மாவட்டம், அங்கேயும் முருகன். தொடர்ந்து ஆறு செவ்வாய்க்கிழமை போனால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. ஜனங்கள் கல்லை அடுக்கிக் குட்டி வீடு கட்டி வைத்துவிட்டு வருகிறார்கள். முத்திரைத் தீர்வை இல்லை, அப்ரூவல் கேட்பாரில்லை, மனையும் சாமியுடையது.