எப்படியும் நீட்டிப்பார்கள்

நம்மவர் தமிழ்ப் பேராசிரியர், எந்தக் கருத்தரங்கையும் விடாதவர். அவரிடம் இருப்பது ஒரே கட்டுரை. தலைப்புகள்தான் பதினேழு. குறுந்தொகையில் செம்மண்ணில் பெய்த அந்த ஒரு மழைதான் மூலதனம். மதுரையில் அது ‘நீர் மேலாண்மை’, திருச்சியில் ‘மண்வளம்’, கோவையில் பெண்ணியக் கருத்தரங்கம் என்றால் மழையில் தலைவி மட்டும் நனைவாள்.

வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வந்ததும் பொருண்மை என்ன என்று பார்க்கமாட்டார். தேசியமா, பன்னாட்டா என்றுதான் பார்ப்பார். 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு பதவி உயர்வுக்குப் போட்ட கணக்கு அப்படி: பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசித்தால் 10 மதிப்பெண், தேசியத்துக்கு 7.5, மாநிலத்துக்கு 5, கல்லூரி அளவுக்கு 3. வீட்டுப் பால் கணக்கு மறந்தாலும் அந்த அரை மதிப்பெண் அவருக்கு மறக்காது. நடத்துகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரை வரவழைத்தால் பன்னாடு ஆயிற்று. 2018-இல் விதியை மாற்றி, உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டுக்கு 5, வெளிநாட்டில் நடந்தால் 7 என்றார்கள். அந்த மாதமே நம்மவர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டார்.

ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாங்கிப்போடும் வேலை என் தலையில் விழுந்தது. ‘ஒருங்குறியில் மட்டும்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தோம். அவர் அனுப்பியதைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாக ஓடுகிறது. போன் செய்தேன்.

“சார், ஒண்ணும் படிக்க முடியலையே.”

“பணம் கட்டின ரசீது தெரியுதா தம்பி?”

“அது நல்லாத் தெரியுது சார்.”

“அப்புறம் என்ன!”

மதிப்பீட்டுக் குழு என்று மூன்று பேராசிரியர்களின் பெயரை அச்சிட்டிருந்தோம். மதிப்பிட்டது என்னவோ ரசீதுதான். எழுத்துருவை மாற்றி, ஐந்து பக்கத்துக்குள் அடக்கி, அச்சகத்துக்கு ஓடியது அடியேன். ஐ.எஸ்.பி.என். எண்ணோடு நூலாகி, குத்துவிளக்கேற்றிய கையோடு வெளியிட்டும் ஆயிற்று. வாசிப்பது அதற்குப் பிறகுதான்; இனி யார் என்ன குறை சொல்லி என்ன?

அறைக்கு முப்பது கட்டுரை, ஆளுக்கு ஐந்து நிமிடம். “தம்பி, என்னை முதல்ல போட்டுடு, மூணு மணிக்கு பஸ்” என்றார். மற்ற இருபத்தொன்பது பேருக்கும் அதே பஸ்தான் போலிருக்கிறது. வம்பே வேண்டாம் என்று அகரவரிசையில் போட்டேன். அன்றோடு ‘வ’வில் பெயர் தொடங்குகிற யாரும் என்னோடு பேசுவதில்லை.

நம்மவர் முறை வந்தது. ஐந்து நிமிடம் ஆனதும் மணி அடித்தேன். “நிறைவாக” என்றார். நிறைவாக என்ற பிறகு ஏழு நிமிடம் பேசினார். வாசித்தவர்கள் ஒவ்வொருவராகச் சான்றிதழ் வரிசைக்கு நழுவ, கடைசிக் கட்டுரையைக் கேட்டது அமர்வுத் தலைவரும் நானும், மைக் செட்காரரும்தான்.

அடுத்த மாதமும் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கம் இருக்கிறது. சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் போன வெள்ளியோடு முடிந்தது. உங்களிடம் ஒரு தலைப்பு இருந்தால் நிதானமாக அனுப்புங்கள், எப்படியும் நீட்டிப்பார்கள்.