பெருக்குவது யார் முறை?

சுவரொட்டி எழுதுவதற்கென்று நாங்கள் கடையில் எதுவும் வாங்கியதில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கரிசல் ஊர் எங்களுடையது. சிவகாசி அதிக தூரமில்லை, ஆகவே காலண்டருக்குப் பஞ்சமே இல்லை. மாதம் முடிந்ததும் கிழிக்கிற தாளின் பின்பக்கம்தான் எங்களுக்கு அட்டை. கறுப்புக்கு அடுப்புக்கரி, சிவப்புக்குக் காவிக்கட்டி, நீலத்துக்கு வேட்டிக்குப் போடுகிற நீலம், பச்சைக்குக் கோவை இலை. ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை. இதே கரியும் கோவை இலையும்தான் சனிக்கிழமை கரும்பலகைக்கும் போகும். இரண்டையும் சேர்த்து அரைத்துத் தேய்த்துக் காயவிட்டால் திங்கட்கிழமை சாக்பீஸ் பளிச்சென்று விழும்.

என் எழுத்து குண்டு குண்டாக இருக்குமென்பதால் ஆறாம் வகுப்பில் வேலை முறைத் தாளை எழுதுகிற பொறுப்பு எனக்கு வந்தது. 1985 வாக்கில் என்று நினைவு. சார் சொல்லச் சொல்ல எழுதினேன். வகுப்பு பெருக்குதல், வாசல் தெளித்தல், பானைக்குத் தண்ணீர் எடுத்தல், செடிக்கு ஊற்றுதல், சத்துணவு அடுப்புக்குச் சுள்ளி பொறுக்குதல், மணி அடித்தல். ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர்கள். ஓரத்தில் படம் வரையவும் சொன்னார். விளக்குமாறு பிடித்த பெண்ணையும் மணி அடிக்கிற பையனையும் வரைந்தேன். வகுப்பில் நடந்ததும் அதுதான். பெருக்கவும் தெளிக்கவும் பெண்கள், மணிக்கும் சாருக்கு டீ வாங்கவும் பையன்கள்.

அந்தத் தாளில் இல்லாத ஒரு வேலையும் இருந்தது. தாழ்வாரத்தில் நாய் அசிங்கம் செய்திருந்தாலோ, கிணற்றடியில் எலி செத்துக் கிடந்தாலோ, யாரும் தாளைப் பார்க்கமாட்டார்கள். கிழக்குத் தெருவிலிருந்து வருகிற இரண்டு பையன்களில் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவனும் மண்ணை அள்ளிப் போட்டு, அள்ளி எறிந்துவிட்டு, கையைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்து உட்காருவான். அவனுக்கோ கூப்பிட்டவருக்கோ அதில் விளக்கம் தேவைப்படவில்லை. தண்ணீர்ப் பானைக்கு எதிரே மட்டும் கிழக்குத் தெருப் பெயர் ஒன்றுகூட வராது. யார் எதைத் தொடலாம் என்பதை ஊர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தது. பள்ளிக்கூடம் அதைக் காலண்டர்த் தாளில் எழுதி ஒட்டியது.

அடுத்த வருஷம் வந்த தலைமையாசிரியர் பணி ஓய்வை நெருங்கியவர். இளவயதில் ஆதாரப் பயிற்சிப் பள்ளியில் படித்தவர். 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த கல்விமுறைதான் ஆதாரக் கல்வி. நூற்பு, தோட்டம், துப்புரவு எல்லாவற்றையும் பாடத்தோடு சேர்த்தது. நாட்டில் பெரும்பாலான இடங்களில் சில பத்தாண்டுகளில் அது தேய்ந்துபோனது. இந்த மனிதரின் கையில் மட்டும் தங்கியிருந்தது. முதல் நாள் அவர் தாளைப் பார்த்தார். "ஏட்டி, புதுசா ஒண்ணு எழுதுவோம். வருகைப் பதிவேட்டைக் கொண்டா" என்றார். அகர வரிசைப்படி எல்லாப் பெயரும் எல்லா வேலைக்கும் சுற்றி வரும். பையன், பெண் பிரிக்கக்கூடாது. அசிங்கம் அள்ளுவதும் தாளில் ஏறும். வரிசையில் அவர் பெயரும் உண்டு. எழுதி ஒட்டிய மறுநாள் காலையில் தாழ்வாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

ஊரில் பேச்சு எழுந்தது. பானை விஷயமாக இரண்டு மூன்று பேர் வந்து அவரிடம் சத்தம் போட்டார்கள். சில பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சித்திரை வெயில் தொடங்கியபோது அந்தப் போத்தல் தண்ணீர் பாதி நாளுக்குக்கூடப் போதவில்லை, பானைக்கே வந்தார்கள். மனம் மாறி வந்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் வந்தார்கள். எனக்கு மணி அடிக்கிற முறை வந்த வாரம், தண்டவாளத் துண்டில் விழுந்த முதல் அடி உள்ளங்கையில் அதிர்ந்ததை இன்றும் உணர முடிகிறது.

இப்போது மதுரையில் என் அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் பள்ளியில் சுவரொட்டிப் போட்டி. தலைப்பு, பள்ளியில் நம் வேலைகளை நாமே செய்வோம். 2014 அக்டோபர் 2இல் தூய்மை இந்தியா தொடங்கியதிலிருந்து இப்படிப் போட்டிகள் வருஷம் தவறாமல் வருகின்றன. பெரிய சார்ட், ஸ்கெட்ச் பேனா, மினுமினுப்புப் பசை, செல்போனில் பார்த்து வரைந்த பிள்ளைகள். அழகாகவே செய்திருந்தாள். விளக்குமாறு பிடித்திருந்தது இன்னமும் பெண்பிள்ளைதான்.

"உங்க வகுப்பை யாரும்மா பெருக்குறது?"

"ஒரு ஆயாம்மா வருவாங்க அத்தை. நாங்க தொட்டா ஹெச்எம் திட்டுவாங்க."

தலைமையாசிரியையின் பயம் நியாயமானது. 2022 இறுதியில் ஈரோடு மாவட்டத்தில் பட்டியலினப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகப் புகார் எழுந்து, ஒரு தலைமையாசிரியை கைதானார். அப்படிச் செய்தவர்களை விடக்கூடாது. பிள்ளை கையில் விளக்குமாற்றைப் பார்த்ததும் பெற்றோர் கொதிப்பதற்குப் பின்னால் எத்தனையோ தலைமுறை அவமானம் இருக்கிறது. அதை மிகை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிறைகளில்கூடச் சாதி பார்த்துத் துப்புரவு வேலை கொடுக்க இடம் தந்த விதிகள் பல மாநிலக் கையேடுகளில் இருந்தன. உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்று அறிவித்ததே 2024 அக்டோபரில்தான்.

என் வருத்தம் வேறு. யாருக்கு எந்த வேலை என்று பிறப்பைப் பார்த்துப் பிரித்ததுதான் குற்றம். அதை ஒழிக்கப் போய், சேர்ந்து பெருக்குகிற பழக்கத்தையே பள்ளியிலிருந்து எடுத்துவிட்டோம். எல்லார் வகுப்பையும் ஒரே ஒரு ஆயாம்மா பெருக்குகிறார். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று கேட்டால் பதில் எனக்கு ஆச்சரியம் தராது. முப்பத்தைந்து பிள்ளைகளும் நம் வேலையை நாமே செய்வோம் என்று அவர் பெருக்கிய தரையில் உட்கார்ந்து வரைகிறார்கள். என் தலைமையாசிரியர் எழுத வைத்த தாளுக்கு இந்தப் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு.

ஜப்பான் பள்ளிகளில் பிள்ளைகளே வகுப்பைப் பெருக்கித் துடைக்கிறார்கள், மதியச் சாப்பாட்டையும் முறை வைத்துப் பரிமாறுகிறார்கள். அந்த முறையைக் காட்ட அங்கே பல வகுப்புகளில் வட்ட அட்டை ஒன்று தொங்கும். பெரிய வட்டத்தில் வேலைகள், அதன்மேல் சின்ன வட்டத்தில் குழுக்கள், நடுவில் ஓர் ஊசி. வாரம் ஒருமுறை ராட்டினம் போலச் சுற்றிவிட்டால் வேலை மாறிவிடும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

அதை அண்ணன் மகளிடம் சொன்னேன். போட்டி முடிந்த பிறகும் விடாமல் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வட்டம் வெட்டினோம். என்னென்ன வேலை வைப்பது என்பதில்தான் நேரம் போனது. பெருக்குதல், பலகை துடைத்தல், செடி, குப்பையைத் தரம் பிரித்தல், மதியச் சாப்பாட்டு இடத்தைத் துடைத்தல். கழிப்பறையைச் சேர்க்கவில்லை. கையுறையும் மருந்தும் நல்ல சம்பளமும் கொடுத்துப் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. குழுக்களை வருகைப் பதிவேட்டு வரிசையிலேயே பிரித்தோம். வகுப்பாசிரியைக்கு ஒரு இடம் வைக்கலாமா என்று அவளே கேட்டாள். வைத்தோம்.

தலைமையாசிரியை அட்டையைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். பெற்றோர் சம்மதிக்காமல் மாட்டமுடியாது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை. அண்ணன் வேலைக்குப் போகவேண்டும் என்பதால் நான் போகிறேன். கிழக்குத் தெருப் பையன்களைப் பற்றியும் அங்கே சொல்லப்போகிறேன். அதைச் சொல்லாமல் அட்டையை மட்டும் நீட்டினால், எந்தப் பெற்றோரும் நம்பவேண்டிய அவசியமில்லை.