சிக்னல் அண்ணாச்சி

எந்த ஊரில் நடைக்குழு தொடங்கினாலும் அதில் டாக்டர் மிரட்டி அனுப்பியவர் ஒருவர் இருப்பார். கைக்கடிகாரத்தில் காலடிகளை எண்ணிக்கொண்டே வருபவர் ஒருவர் இருப்பார். இவர்கள் இருவரையும் ஒருசேர ஒழித்துக்கட்ட மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்வார். அவர் நடக்க வந்து நிற்பவர். கூட வருபவர்களையும் நிறுத்துபவர். மதுரையில் பிறந்தாலும் கோவையில் பிறந்தாலும் இந்த ஜாதகம் நிற்கத்தான் செய்யும். துறைமுக ஊரில் பிறந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். தூத்துக்குடியில் நாங்கள் அவரை, அவர் காதில் விழாத தூரத்தில், ‘சிக்னல் அண்ணாச்சி’ என்போம். அந்தத் தூரம் கிடைப்பதுதான் கஷ்டம். அதற்கு அவரைத் தாண்டி முன்னால் போக வேண்டும். அவர் போக விடமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு ரோச் பூங்கா வாசலில் கூடுவது வழக்கம். எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பவர் அவர்தான். நிற்கிற விஷயத்தில் அவர் தாமதித்ததே இல்லை. அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். காலில் வெளிநாட்டிலிருக்கும் மகன் வாங்கி அனுப்பிய ஷூ. வாங்கி வருஷங்கள் ஆகியும் அதன் அடிப்பாகம் கடையில் இருந்த மேனிக்கே இருக்கிறது. மேல்பாகம் மட்டும் வெயிலில் நின்று நின்று வெளுத்துவிட்டது. கையில் ஒரு குடை. மழையை நம்பாமல் உப்பு விளைவிக்கிற ஊரில் குடை எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். பழையவர்கள் கேட்க மாட்டார்கள். அந்தக் குடை கட்டடங்களைச் சுட்டிக்காட்டும் குச்சி, குறுக்கே நீட்டினால் ரயில்வே கேட். போதாக்குறைக்கு, அந்தக் குடைக்கென்றே ஒரு கதையும் உண்டு.

நிறுத்துவதில் அவருக்குப் பல முறைகள் உண்டு. சாதாரண செய்தி என்றால் முழங்கையைத் தொடுவார். நீங்கள் நின்றே ஆக வேண்டும். சற்றுப் பெரிய செய்தி என்றால் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதி வாக்கியத்தில் தான் நின்றுவிடுவார். எழுவாய் உங்களோடு நாலடி முன்னால் வந்திருக்கும்; பயனிலை அவரோடு பின்னால் நிற்கும். அதைப் போய் வாங்கிக்கொள்ளாமல் எந்த மனிதனால் மேலே நடக்க முடியும்? மிகப் பெரிய செய்தி என்றால் முன்னால் வந்து நம் பக்கம் திரும்பி, பின்பக்கமாக நடக்க ஆரம்பிப்பார். பின்னால் லாரி வருகிறதே என்ற பயத்தில் நாமே அவரைப் பிடித்து நிறுத்திவிடுவோம்.

“அண்ணாச்சி, நாம நடக்க வந்திருக்கோம்” என்பார் கடிகாரக்காரர்.

“யாரு இல்லைன்னா? நானும் நடக்கத்தான வந்திருக்கேன். இத மட்டும் கேட்டுக்கிடுங்க.”

ரோச் பூங்காவில் கிளம்பி, பீச் ரோடு வழியாக பனிமய மாதா கோயிலையும் பழைய துறைமுகத்தையும் கடந்து திரேஸ்புரம் போய்த் திரும்புவது என்பது எங்கள் திட்டம். அரசாங்கத் திட்டங்களுக்கு உள்ள எல்லா லட்சணங்களும் இதற்கும் உண்டு. கிளம்பிய சற்று நேரத்திலேயே யாராவது அசந்துமறந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிடுவார்கள். தீர்ந்தது. “குடிக்கீயள்ல, நல்லாக் குடிங்க. ஆனா இந்த ஊருக்குக் குடிதண்ணி கொண்டாந்தது யாரு?” பதில் எங்கள் எல்லோருக்கும் தெரியும். நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து; வல்லநாட்டில் இருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தவர். பதிலை ஒரே குரலில் சொல்லிவிட்டால் தப்பிக்கலாம் என்று ஒருமுறை முயன்றோம். “கரெக்ட். எப்படிக் கொண்டாந்தாருன்னு தெரியுமா?” என்று குடையை ஊன்றினார். அன்றிலிருந்து விவரம் தெரிந்தவர்கள் வீட்டிலேயே தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார்கள்.

மாதா கோயில் வாசல் அவருக்கு ஒரு ஜங்ஷன். நாலா திசையில் இருந்தும் கதைகள் அங்கே வந்து சேரும். சுரூபம் 1555-இல் கப்பலில் வந்தது, கோயில் 1713-இல் எழும்பியது, 1982-இல் போப்பாண்டவர் அதைப் பசிலிக்கா ஆக்கினார் என்று வரிசையாக வரும். டச்சுக்காரர்கள் 1658-இல் போர்ச்சுக்கீசியர்களிடம் இருந்து ஊரைப் பிடித்ததை, தான் அப்போது இரண்டு தெரு தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்தது போலச் சொல்வார். ஆகஸ்ட் 5 திருவிழா நெருங்கினால் தங்கத்தேர் ஓடிய வருஷங்களையும், தேர் எந்த முக்கில் திரும்பச் சிரமப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்வார். இவ்வளவு ஞாபகசக்தி உள்ள மனிதருக்கு, போன மாதம் டீக்கடையில் காசு கொடுத்தது யார் என்பது மட்டும் நினைவிருக்காது. சமீபகால வரலாறு அவருடைய பாடம் அல்ல.

அவருக்கு ஊர்களின் மேலும் கோபம் உண்டு. ஒரு காலத்தில் மெட்ராஸில் ரயில் ஏறி வந்தவர்கள் தூத்துக்குடியில் இறங்கி, இங்கே கப்பல் பிடித்துத்தான் கொழும்புக்குப் போனார்கள். 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி வழியும் வந்தன. போட் மெயில் ரயில் அந்தப் பக்கம் போய்விட்டது. “நம்மளக் கேட்டானா ஒரு வார்த்தை?” என்பார். நாங்கள் தலையை ஆட்டுவோம். கேட்டிருக்க வேண்டும்தான்.

இனி குடை. பழைய துறைமுகத்தின் அருகே வந்ததும் அது தானாகவே மேலே எழும். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதில் ஆரம்பிக்கும். அடுத்து ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்கள் வரும். அவை வந்த திசையைக் குடை காட்டும். வெள்ளைக்காரக் கம்பெனிக்காரன் கொழும்புக் கட்டணத்தைக் குறைத்தான், இவர்களும் குறைத்தார்கள். கடைசியில் அவன், “டிக்கெட்டே வேண்டாம், சும்மா ஏறுங்கள், குடை வேறு தருகிறோம்” என்று இறங்கி வந்தான் என்பது ஊர் சொல்லும் கதை. இந்த இடத்தில் அண்ணாச்சி தன் குடையைப் பட்டென்று விரிப்பார். “இந்தா, இப்பிடி ஒரு குடை. ஓசிக் குடை! குடைக்கு ஆசப்பட்டு ஏறுனவனும் உண்டு, வேண்டாம்னு வீசிட்டு சுதேசிக் கப்பலுக்கு நடந்தவனும் உண்டு. நீங்களா இருந்தா எதுல ஏறுவீய?”

இந்தக் கேள்வியை வாராவாரம் கேட்கிறார். வாராவாரம் நாங்கள் சுதேசிக் கப்பலில்தான் ஏறுகிறோம். எங்களில் உப்பு வியாபாரம் பார்க்கும் ஒருவர் மட்டும், “குடைய வாங்கி வச்சுக்கிட்டு இதுல ஏறுனா ஆகாதா?” என்று கேட்டுவிட்டார். அன்று அங்கேயே வெயில் ஏறிவிட்டது. 1908-இல் வ.உ.சி. கைதானது, கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம், 1911-இல் கம்பெனி கலைந்து கப்பல்கள் ஏலத்தில் போனது என்று, அந்த ஒரு கேள்விக்கான தண்டனையை எல்லோரும் சேர்ந்து அனுபவித்தோம். ஏலத்தைச் சொல்லும்போது மட்டும் அண்ணாச்சி குடையை மடக்கிவிடுவார். கடிகாரக்காரரும் அந்த நேரத்தில் மணிக்கட்டைப் பார்ப்பதில்லை. மரியாதைக்கு என்று வைத்துக்கொள்ளலாம். பார்த்தாலும் எண் ஏறியிருக்காது என்பதும் உண்மை.

பசியையும் அவர் சும்மா விடுவதில்லை. பேக்கரி கதவு திறந்து மக்ரூன் வாசனை தெருவுக்கு வந்தால், முந்திரிப் பருப்பு, சீனி, முட்டையின் வெள்ளைக்கரு, அடிக்கிற பக்குவம், அடுப்புச் சூடு என்று செய்முறையே நடுத்தெருவில் நடந்துவிடும். கேட்டுக்கொண்டு நிற்பவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காக நடக்க வந்தவர்கள். எரித்தது கொஞ்சம், வாங்கியது கால் கிலோ. “வீட்டுப் புள்ளைகளுக்கு” என்று சொல்லிக்கொள்வார்கள். பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள்.

ஒருநாள் கடிகாரக்காரர் பொறுமை இழந்தார். ஒன்றரை மணி நேரமாகியும் மாதா கோயிலைத் தாண்டவில்லை. மணிக்கட்டைத் தூக்கிக் காட்டி, “அண்ணாச்சி, நிக்கதுக்கு நான் வீட்டுலயே நின்னிருப்பேன். நின்னா உடம்புக்கு என்ன லாபம், நீங்களே சொல்லுங்க” என்றார். கூட்டம் அமைதியானது. அண்ணாச்சிக்குக் கோபமே வரவில்லை. குடையைக் கடலின் பக்கம் நீட்டினார். துறைமுகத்துக்குள் வர முறை கிடைக்காமல் அடிவானத்தில் சில கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றுகொண்டிருந்தன.

“அந்தா பாத்தீயளா? இன்னைக்கும் நிக்குது. புது ஹார்பர் 1974-ல வந்துட்டு, ரெண்டு பக்கமும் கடலுக்குள்ள கல்லக் கொட்டி அலைதடுப்பு கட்டியாச்சு, உள்ள வந்து கட்டிக்கிடலாம். அதுக்கு முன்ன? இந்தக் கரையில ஆழம் கிடையாது. கப்பலு பல மைலு தள்ளித்தான் நிக்கும். தோணிதான் போயி சரக்க எறக்கிட்டு வரும், ஏத்திட்டுப் போவும். தோணிக்குத் தண்டலு, அவனுக்குக் கீழ ஆளுவ, கரையில சுமக்க ஆளுவ, எழுதக் கணக்கப்பிள்ளை, இவ்வளவு பேருக்கும் டீ ஆத்த ஒருத்தன். இவனுவ எல்லாம் எதுல சாப்பிட்டான்? கப்பலு நின்னதுல சாப்பிட்டான். நிக்காமப் போன கப்பலால எந்த ஊரு பொழச்சிருக்கு, சொல்லுங்க.”

கடிகாரக்காரரிடம் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை. நடையின் பலனைக் கேட்டவனுக்குத் துறைமுகப் பொருளாதாரத்தைப் பதிலாகக் கொடுப்பது நியாயமா என்று வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றியது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பீச் ரோட்டில் வேகமாக நடக்கும் வேறு குழுக்களும் உண்டு. காதில் கருவி மாட்டி, கையை வீசி, ஒரே மூச்சில் போய் ஒரே மூச்சில் திரும்புவார்கள். அவர்களிடம் இன்று என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் தூரத்தையும் நேரத்தையும் சொல்வார்கள். எங்களைக் கேட்டுப் பாருங்கள்: மாலத்தீவுக்குப் போக நிற்கும் தோணியில் என்ன ஏற்றினார்கள், திரேஸ்புரத்தில் முந்தினநாள் மீன் என்ன விலை போனது, எந்தப் பழைய கிட்டங்கியின் ஓடு சரிந்துவிட்டது என்று எல்லாவற்றையும் சொல்வோம். தொப்பையைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. அது போன வருஷம் எங்கே இருந்ததோ அங்கேயேதான் நிற்கிறது. அதுவும் அண்ணாச்சியின் சிஷ்யன்.

ஞாயிறு என்பதால் திரேஸ்புரத்தில் நாட்டுப்படகுகளும் கடலுக்குப் போகாமல் கரையில் இருக்கும். எங்களைப் பார்த்தால் அவற்றுக்கு ஆறுதலாக இருக்கலாம். அங்கு போய்ச் சேர்கிற நாட்களில் திரும்பி நடக்க யாருக்கும் தெம்பு இருக்காது. வெயில் ஏறியிருக்கும். ஷேர் ஆட்டோ பிடிப்போம். அது ஓடிக்கொண்டே இருப்பதால் அண்ணாச்சி வழியில் எதுவும் பேச மாட்டார். இறங்கியவுடன் விட்ட இடத்தில் தொடங்குவார். அதற்குப் பிறகு விடைபெறும் படலம் ஒன்று இருக்கிறது. “சரி, வாரேன்” என்று அவர் சொன்னால் அது விடைபெற அனுமதி கோரும் மனு. பரிசீலனைக்கு அரைமணி நேரம் ஆகும். கடைசியில் அவர் வீட்டம்மா வந்து, “நடந்து களைச்சுப் போயிருப்பீய, உள்ள வாங்க” என்று அழைப்பார். அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பே தெரியாது. அதுவும் ஒரு கலை.

போன மாதம் அண்ணாச்சி வருடாந்திரப் பரிசோதனைக்கு டாக்டரிடம் போனார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

“வாக்கிங் போறீங்களா?”

“தவறாம டாக்டர்.”

“எவ்வளவு நேரம்?”

“மூணு மணி நேரம் ஆயிரும்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த வயதில் மூன்று மணி நேரமா என்று வியந்தார். முழங்காலைத் தட்டிப் பார்த்தார், தேய்மானமே இல்லை. எப்படி இருக்கும்? எவ்வளவு தூரம் என்று அவர் கேட்கவில்லை. அண்ணாச்சியும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் உள்ளவர் என்றாலும் அன்று மட்டும் அடக்கிக்கொண்டார். டாக்டர் அசந்துபோய், இனி என்னிடம் வருகிறவர்களை எல்லாம் உங்கள் குழுவில் சேரச் சொல்கிறேன் என்றார்.

சொன்னபடியே செய்தும்விட்டார். சென்ற ஞாயிறு ரோச் பூங்கா வாசலில் புது ஷூ போட்ட இருவர் வந்து நின்றார்கள். அதில் ஒருவர் வேலை மாற்றலாகி ஊருக்குப் புதிதாக வந்தவர். கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். அண்ணாச்சி அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பூங்கா மதில் ஓரமாக உட்கார இடம் தேடினோம்.