பொய்ப்பெட்டிப் புராணம்

1921-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி ஊரில் காலேஜ் ஹால் என்று ஒரு பெண்கள் விடுதி. அங்கே பட்டு உள்ளாடை காணாமல் போகிறது, புத்தகம் போகிறது, பணம் போகிறது, கடைசியில் ஒரு மாணவியின் 400 டாலர் வைர மோதிரமும் போய்விட்டது. ஊர் போலீஸ் தலைவர் ஆகஸ்ட் வோல்மருக்குப் படித்த போலீஸ்காரர்கள் மேல் தீராத மோகம். ஜான் லார்சன் என்பவரை அனுப்பினார். உடலியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு லத்தி பிடிக்க வந்த பிரகிருதி. வேறு போலீஸாக இருந்தால் சமையல்காரியை இழுத்துப்போய் நாலு தட்டுத் தட்டியிருப்பார்கள். லார்சன் விஞ்ஞானத்தைக் கொண்டுவந்தார்.

விஞ்ஞானம் பார்க்க அத்தனை லட்சணமாக இல்லை. கையில் ரத்த அழுத்தப் பட்டை, மார்பைச் சுற்றி ரப்பர் குழாய், மேசைமேல் சுழலும் உருளையில் புகைக்கரி படிந்த தாள். ஊசி கரியைச் சுரண்டிச் சுரண்டி நாடித் துடிப்பையும் மூச்சையும் வெள்ளைக் கோடுகளாக இழுக்கும். முடிந்ததும் தாளுக்கு வார்னிஷ் பூசிக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் சாட்சியம் தொட்டவர் விரலோடு வந்துவிடும். கல்லூரி பிடித்திருக்கிறதா, நடனம் ஆடுவாயா, பணத்தை எடுத்தாயா என்று எல்லாவற்றையும் ஒரே குரலில் கேட்டார் லார்சன். ஒரு பெண்ணுக்குக் கோடு எகிறியது. அவள் ஆத்திரத்தோடு எழுந்து போய்விட்டாள். சில நாள் தொடர்ந்து குடைந்த பிறகு ஒப்புக்கொண்டாள். குடைந்தது மனிதர்கள், பெயர் வாங்கியது பெட்டி.

மோதிரத்தைப் பறிகொடுத்த மாணவி என்ன ஆனாள்? லார்சனையே கல்யாணம் செய்துகொண்டாள். அவளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவள்தான். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகம் கேட்பார்கள். மாப்பிள்ளை ரத்த அழுத்தமே பார்த்துவிட்டார்.

லார்சன் பாவம், நல்ல மனுஷன். பெட்டியை நம்பிக் கடைசியில் அதையே சபித்துக்கொண்டு செத்தார். காசு பண்ணத் தெரிந்தவர் அவருடைய சிஷ்யப்பிள்ளை லியோனார்ட் கீலர். டா வின்சி நினைவாக வைத்த பெயர். குருவின் தட்டுமுட்டுச் சாமான்களைச் சுருக்கிக் கையில் தூக்கிப்போகிற பெட்டியாக்கி, 1931-ல் காப்புரிமையும் வாங்கி, சிகாகோவில் கடை போட்டார்.

கீலர் மாயவித்தை பழகியவர். விசாரணை தொடங்குமுன் சீட்டுக்கட்டை நீட்டுவார். ‘ஒரு சீட்டை எடுங்கள், என்னிடம் காட்டாதீர்கள். எந்தச் சீட்டைச் சொன்னாலும் இல்லை என்றே சொல்லுங்கள்.’ ஸ்பேட் ஏழா? இல்லை. ராணியா? இல்லை. கோடுகளை உற்றுப் பார்த்துவிட்டுச் சரியான சீட்டை எடுத்துப் போடுவார். எதிரே இருப்பவருக்கு வேர்த்துவிடும். இதற்குமேல் கேட்க வேண்டியது என்ன இருக்கிறது, பாதிப் பேர் அங்கேயே கக்கிவிடுவார்கள். இந்தத் தொழிலில் இறங்கியவர்கள் பலர் சீட்டின் முதுகிலேயே அடையாளம் போட்டு வைத்திருந்தார்கள் என்பது வேறு கதை. பொய்யைப் பிடிக்கிற சடங்கில் சொல்லப்படுகிற முதல் பொய் பரிசோதகருடையது.

சிகாகோ வங்கிகளுக்குக் கொண்டாட்டம். குமாஸ்தாக்களை வரிசையாகப் பெட்டியில் மாட்டினார்கள். கல்லாவில் கை வைத்ததை ஒப்புக்கொண்டவர்களை வேலையை விட்டுத் துரத்த வேண்டாம் என்றார் கீலர். அடுத்த முறையும் பெட்டி வரும் என்று தெரிந்தவன் கை நீட்டமாட்டானாம். கணக்கு சரிதான். பழைய திருடனைவிடப் பயந்த ஊழியன் முதலாளிக்கு எங்கே கிடைப்பான்?

இந்தப் புராணத்தில் இன்னொரு மகான் வில்லியம் மார்ஸ்டன். ரத்த அழுத்தத்தில் பொய் தெரியும் என்று லார்சனுக்கும் முன்னால் சொன்னவர். 1923-ல் வாஷிங்டன் நீதிமன்றம் இவர் சோதனையைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று தள்ளிவிட்டது. மனிதர் அசரவில்லை. 1938-ல் ஜில்லெட் பிளேடு விளம்பரத்தில் வந்தார். பெட்டியில் மாட்டிய ஆண்களுக்குச் சவரம் செய்து, மற்ற பிளேடுகள் மனதை எப்படிக் கலவரப்படுத்துகின்றன என்று கண்டுபிடித்தாராம். 1941-ல் வொண்டர் உமன் என்ற சித்திரக்கதை நாயகியைப் படைத்தார். அவள் கயிற்றில் சிக்கியவன் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில்? மனைவியும் காதலி ஆலிவ் பைர்னும் ஒரே கூரையின் கீழ். ஆலிவின் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு அப்பாவைக் கற்பித்து, அவரைச் சாகவும் வைத்திருந்தார்கள். சொந்த வீட்டில் கயிறு வேலை செய்யவில்லை.

அரசாங்கத்துக்கு ஆசை வராமல் இருக்குமா? பெட்டி எவ்வளவு சரியாகச் சொல்லும் என்று தனக்குத் தெரியாது, ஆனால் ஜனங்கள் நடுங்குவார்கள் என்று 1971-ல் ஜனாதிபதி நிக்சன் சொன்னார். அதையும் தன் டேப்பிலேயே பதிவுசெய்து வைத்த புண்ணியவான். 1985-ல் ரீகன் ஆட்சி அதிகாரிகளுக்குச் சோதனை என்றது. என்மேல் நம்பிக்கை இல்லையென்றால் அன்றைக்கே கிளம்புகிறேன் என்றார் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ். ரீகன் இறங்கிவந்தார். பெரிய இடத்து ரோஷத்துக்கு ஒரு வாக்கியம் போதும். கடைச் சிப்பந்தி 1988 வரை காத்திருந்தான். அந்த வருஷம் தனியார் முதலாளிகளில் பெரும்பாலோர் பெட்டியைத் தொடக்கூடாது என்று சட்டம் வந்தது. அரசாங்கத்துக்கு மட்டும் அது பொருந்தாது. சட்டம் போட்டது யார்?

அப்படிப் பெட்டியைத் தனக்கென்று வைத்துக்கொண்ட சி.ஐ.ஏ.வில் ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்ற அதிகாரி. 1985 முதல் சோவியத்துக்கு ரகசியம் விற்றவர். 1986-லும் 1991-லும் சோதனையில் தேறினார். என்ன செய்யட்டும் என்று சோவியத்காரர்களைக் கேட்டதற்கு, நன்றாகத் தூங்கிவிட்டுப் போ, பரிசோதகரிடம் இனிமையாகப் பேசு என்றார்களாம். 1994-ல்தான் கைதானார். 2001-ல் எஃப்.பி.ஐ.யின் ராபர்ட் ஹான்சனும் அதே குற்றத்துக்கு மாட்டினார். அவரை ஒருமுறைகூடச் சோதித்ததில்லை என்று தெரிந்ததும் எஃப்.பி.ஐ. சோதனையை விரிவாக்கியது. 2002-ல் தேசிய அறிவியல் கழகத்தின் குழு, ஊழியர்களைச் சலிக்க இந்தச் சோதனையை நம்ப முடியாது என்று அறிக்கை தந்தது. அந்த ஆய்வைக் கேட்டது எரிசக்தித் துறை. 2003-ல் அந்தத் துறை, சோதனை இருந்தபடியே இருக்கட்டும் என்று முன்மொழிந்தது.